எந்தக் குழாயில் நல்ல தண்ணீர்?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் உறவுக்குப் பஞ்சமே இருக்காது. எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். கோயிலுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளயம், பள்ளிக்கூட விடுமுறை, ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழா என்று வருடம் முழுவதும் யாராவது ஒருவர் பையோடு வாசலில் நிற்பார். சிலர் நெருங்கிய சொந்தம். சிலர் சொந்தத்துக்குச் சொந்தம். ஒரு தடவை, என் கணவரோடு ஐடிஐயில் படித்தவரின் மாமனார் குடும்பமே வந்து இரண்டு இரவு தங்கிப் போனது. அந்தப் படித்தவர் வரவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில், விருந்தாளி என்றால் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். வயிறு நிறையப் போட்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று நச்சரித்துவிட்டால் கடமை முடிந்தது. அந்த எண்ணம் உடைந்தது என் இரண்டாவது ஆடியில்.

என் கணவரின் பெரியம்மா மேலூர்ப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியப்பா இறந்து முதல் ஆடி அமாவாசை. மகன் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். நான் அவரைப் பெரியத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் ‘தாயி’. இரவு சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்து, “நன்றாகத் தூங்குங்கள் பெரியத்தை” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். நான்கு மணிக்கு எழுந்து வந்தால், இருட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் முழங்காலில். தலைமுடி கலையவே இல்லை.

“தூங்கவில்லையா?”

“ஒன்றுமில்லை தாயி. புது இடம்.”

நானும் நம்பிவிட்டேன். அவருடைய மகள்தான் மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லைப் பக்கம். அதற்குப் போக அடுக்களைக் கதவைத் திறக்க வேண்டும். கடற்காற்றில் துருவேறிப்போன தாழ்ப்பாள் அது. கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தால்தான் விடும். விளக்கு சுவிட்சோ குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். பெரியத்தை ஒரு மணிக்கு எழுந்து, தட்டித் தடவி, தாழ்ப்பாளோடு சத்தமில்லாமல் போராடி, யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தவர், விடியும்வரை அப்படியே அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று முற்றத்துக் குழாயைத் திறந்தால் அது உப்புத் தண்ணீர். அதையும் துப்பிவிட்டு வந்திருக்கிறார். நான் வைத்த ஐந்து வகைக் கூட்டும் பாயசமும் அந்த இரவில் அவருக்கு எதற்கு ஆனது?

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யார் வந்தாலும் செம்பில் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்கவிட்டு, பத்தே நிமிடத்தில் வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுவேன். பெருமைக்காகச் சுற்றிக் காட்டுவது வேறு. இது கதவு, சுவிட்ச், குழாய் மட்டும். தாழ்ப்பாளை அவர்கள் கையாலேயே ஒருமுறை திறந்து மூடச் சொல்வேன். வாயால் சொன்னால் நடு இரவில் நினைவுக்கு வராது. கை நினைவு வைத்திருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு சொம்பு தண்ணீர், அதன்மேல் மூடி. கொல்லைப் பக்கம் ஒரு சின்ன இரவு விளக்கு விடியும்வரை எரியும். தாழ்ப்பாளை மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. இந்த ஊர்க் காற்றில் இரும்புக்கு ஆயுசு அவ்வளவுதான். இப்போது பித்தளையில் போட்டிருக்கிறோம்.

தண்ணீர் விஷயத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் தீவில் மணல் மேட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஓர் ஏடுபோல் நிற்கும். ஆழமில்லாத கிணற்றில் அது இனிப்பாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டால் கடல் ஏறி வந்துவிடும். எங்கள் வீட்டுப் போர் அப்படித்தான் ஆனது. ஆகவே குளிக்க, துவைக்க ஒரு தண்ணீர்; குடிக்க, சமைக்க ஒரு தண்ணீர். மாவட்டத்துக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிறது. ஆனாலும் குழாயில் வரும் நேரத்தைப் பார்த்துப் பிடித்து வைத்தால்தான் உண்டு. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ‘இன்னும் நுரை வரவில்லையே’ என்று விருந்தாளி மேலும் மேலும் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தலைக்குக் குளித்தால் முடி நார்போல் திரிந்துவிடும். அதில் டீ போட்டால் கரிக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. கும்பகோணத்திலிருந்து வருகிறவருக்கு எப்படிப் பழகும்?

உப்புக் குழாய்களில் எல்லாம் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். குடிதண்ணீர் மூடி போட்ட எவர்சில்வர் குடத்தில், அடுக்களைக்கு வெளியே, முக்காலியின்மேல் இருக்கும். அடுக்களைக்குள் வைத்தால் வந்தவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். குளியலறையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் தனியாக. “கடைசியில் தலைக்கு இதை ஊற்றிக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் போதும். அந்த ஒரு வாளிக்காக என்னை வாயாரப் பாராட்டியவர்கள் உண்டு. நான் மெனக்கெட்டுச் செய்த அதிரசத்தை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெரியத்தை வந்த அதே விடியலில் இன்னொரு தப்பும் செய்தேன். நான்கு மணிக்கே இட்லி ஊற்றி, “சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று அவர் மகன் முன்னால் தட்டை வைத்தேன். அவர் தட்டையும் தொடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்துபோனது. என் மாமியார்தான் உள்ளேயிருந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். தர்ப்பணம் கொடுக்கும்வரை பலர் பச்சைத் தண்ணீரோடு இருப்பார்கள். இதை நான் அறியாதவள் இல்லை. விருந்தோம்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன். அதற்குள் மாமியார் சத்தமில்லாமல் இரண்டு காரியம் செய்திருந்தார். அன்று வாசலில் கோலம் போடவில்லை. தர்ப்பணம் கொடுக்கிற வீட்டில் அன்று கோலம் போடுவதில்லை. தர்ப்பணம் அவர்களுடையதுதான், ஆனால் அவர்கள் எங்கள் வாசலிலிருந்து புறப்படுகிறார்களே, அதற்காக. பிறகு, மீன் படாத பாத்திரம் என்று பரணில் தனியாக வைத்திருந்த உருளியையும் இரண்டு சட்டிகளையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, வாழைக்காய், பாகற்காய், வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தார். அவர்கள் திரும்பி வந்து அதைப் பார்த்தபோது பெரியத்தை ஒன்றும் பேசாமல் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாத்திரங்கள் இன்றும் பரணில்தான் இருக்கின்றன. இப்போது இறக்குவது நான்.

கோயிலுக்கென்று வருகிறவர்களுக்கு முதல் நாள் இரவே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை 5 மணிக்கு. தங்கச்சிமடத்திலிருந்து நான்கரைக்குள் கிளம்பினால்தான் வரிசையில் நிற்க முடியும். அதற்கு ஆட்டோவை இரவே சொல்லி வைத்துவிட வேண்டும். காலையில் தேடினால் கிடைக்காது. கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடினால் உடம்பு முழுக்க நனையும்; ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். எனவே மாற்றுத் துணி கட்டாயம். ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, துவட்ட எங்கள் வீட்டுப் பழைய துண்டு இரண்டு. புதுத் துண்டு கொடுத்தால் அழுக்காகிவிடுமோ என்று துவட்டாமலே வருகிறார்கள். பெண்களிடம் மட்டும் தனியாக, வெளிர் நிறச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் தெரியாது.

அவர்கள் திரும்பி வரும்போது வாசலிலேயே ஒரு வாளி தண்ணீரும் குவளையும் இருக்கும். அக்னி தீர்த்தத்து மணல் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு வரும். அது வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்று இரவு பாயில் நறநறக்கும். கொடியில் எங்கள் துணியை முன்கூட்டியே எடுத்துக் காலி செய்துவைப்பேன். நாலு பேர் நனைந்தால் பன்னிரண்டு உருப்படி. தங்கள் உள்ளாடையை எங்கே உலர்த்துவது என்று தெரியாமல் பைக்குள்ளேயே ஈரமாகச் சுருட்டி ஊருக்கு எடுத்துப் போன பிள்ளைகள் உண்டு. இப்போது கொல்லையில், மல்லிகைப் பதியன்களுக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாதபடி ஒரு தனிக் கொடி. “இது உங்களுக்கு” என்று காட்டிவிட்டால் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

படுக்கையைப் பற்றிச் சுருக்கமாக. வயதானவர்களுக்குக் கட்டில், பிள்ளைகளுக்குப் பாய். பெரியவரைத் தரையில் படுக்க வைத்தால் படுத்துவிடுவார், எழுவதுதான் பாடு. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர வீட்டில் மடித்து வைத்த போர்வையெல்லாம் ஈரவாடை அடிக்கும். வருகிற நாள் தெரிந்தால் முதல் நாள் வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்துப் போடுவேன். கொசுவலை கேட்காமலே கட்டிவிட வேண்டும்.

இனி மீன். ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமிக்கு, பாதிப் பேர் மீனுக்கு. ஒரே வண்டியில் இரண்டு வகையும் வந்து இறங்குவதும் உண்டு. தம்பி முறையுள்ள ஒருவர் மே மாதம் வந்து, “அக்கா, பெரிய வஞ்சிரமாக வாங்கி வறுத்துவிடுங்கள்” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாள்தான் அவை கடலுக்குப் போகும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு, கரைவலை மீன்தான் கிடைக்கும். அன்று எனக்குக் கிடைத்தது சூடை. ருசியில் வஞ்சிரத்துக்குக் குறைந்ததில்லை, ஆனால் முள் சீப்பு சீப்பாக இருக்கும். தம்பியின் ஆறு வயதுப் பையனுக்குத் தொண்டையில் முள் மாட்டி, வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லி, வாழைப்பழம் கொடுத்து, ஒன்றும் நடக்காமல் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். அந்தச் சோற்றுருண்டை வைத்தியத்தைச் செய்யவே கூடாதாம். முள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்று அங்கே திட்டு வாங்கினேன். இப்போது கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் வந்தால் கணவாய் அல்லது நண்டுச் சதை. பெரியவர்களுக்குச் சூடை. காரத்தையும் பாதியாகக் குறைத்துவிடுவேன். எங்கள் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதை விருந்தாளி கண்ணில் நீர் வரவழைத்து நிரூபிக்க வேண்டியதில்லை.

“என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். “எதுவானாலும் சரி” என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. “இரவுக்கு இடியாப்பமா, தோசையா?” என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அதேபோல, கிளம்புவதற்கு முன் போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுவேன்: சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறவர் யாராவது உண்டா? மீன் வாடை யாருக்காவது ஆகாதா? எதில் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்வி 2022 டிசம்பரில் எங்களுக்கு ஏற்பட்ட பாடம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அந்த மாதத்தோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே கிடையாது. இதை அறியாமல் ‘ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரை நம்பி வந்தவர்கள் நடு இரவில் மண்டபத்தில் இறங்கி நின்று போன் செய்வார்கள். என் கணவர் கைலியோடு பைக்கை எடுத்துக்கொண்டு சாலைப் பாலத்தில் ஓடுவார். ஒரே இரவில் மூன்று நடை அடித்ததும் உண்டு.

கணவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். “தாராளமாக வாருங்கள், நம் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு?” என்று போனில் சொல்வது ஆண்கள். இடுப்பு ஒடிவது எங்களுக்கு. விருந்தோம்பலைப் புகழ்கிறவர்கள் ஒருநாள் ஆட்டுக்கல் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். நான் ஒரு சமயம் பொங்கி வெடித்த பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: அழைக்கிறவர் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், காலை டீயும் அவர்தான். அதற்குப் பிறகு அழைப்புகள் கொஞ்சம் குறைந்தது ஆச்சரியம்தான். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடக்கும் மாதத்தில், “இந்தத் தடவை ராமேஸ்வரத்தில் மடத்திலேயோ சத்திரத்திலேயோ தங்கிக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வாருங்கள்” என்று சொல்லவும் பழகிவிட்டேன். முகம் வாடினவர்கள் இரண்டு பேர். இருவரும் அடுத்த வருடம் வந்தார்கள்.

வந்தவரைச் சும்மா இருக்கவிடுவது எனக்குக் கடைசியாகத்தான் பிடிபட்டது. அதைக் கற்றுக்கொடுத்தது கீழக்கரைத் தோழியின் வீடு. அவளுடைய உம்மா, மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப் போய், விரித்த படுக்கையைக் காட்டி, “அசர் தொழுகை வரைக்கும் யாரும் வரமாட்டோம் மகளே” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். மற்றவர் வீட்டில் பகலில் தூங்கியது அன்றுதான் முதல் தடவை. ‘எப்போது கிளம்புகிறாய்’ என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது தொதல் ஒரு டப்பா. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்கும் அந்தத் தொதல் வீடு வந்து சேர்வதற்குள் பாதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மணி முதல் நான்கு மணிவரை டிவி ஓடாது, ‘பஜ்ஜி சாப்பிடுகிறீர்களா’ என்று யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். என் மாமியாருக்கு இதில் உடன்பாடே இல்லை. வந்தவர்களைத் தனியே விடுவது மரியாதைக் குறைவு என்று இன்றும் முணுமுணுப்பார்.

சும்மா இருக்க முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று தீவில் பெய்த மழை நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று திருச்சியிலிருந்து வந்த ஆறு பேர் எங்கள் வீட்டில். முற்றத்தில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, கடைக்குப் போக வழியில்லை. ஓர் இரவுக்கு வந்தவர்கள் மூன்று இரவு தங்கினார்கள். முதல் நாள் “நீங்கள் உட்காருங்கள்” என்று நானும், “பரவாயில்லை” என்று அவர்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் அந்த வீட்டுப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பக் குச்சியால் சாக்கடை வாயைக் குத்தி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பதறிப் போனேன். அவர் மனைவி, “விடுங்கள் மதினி, இரண்டு நாளாக இப்போதுதான் அவர் முகம் தெளிந்திருக்கிறது” என்றார். அதன்பிறகு ஒருவர் அப்பளம் சுட்டார், ஒருவர் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளினார், பிள்ளைகள் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள். அந்தத் தண்ணீரில் வைத்த ரசத்தைப்போல் நான் இன்னொரு தடவை வைத்ததில்லை.

வழியனுப்பும்போது கொடுக்கிற பொருளில் ஒரே ஓர் எச்சரிக்கை. தை மாதமென்றால் பனங்கிழங்கு, மற்ற நாளில் கருப்பட்டி. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கருவாட்டை மட்டும் கேட்காமல் கட்டிக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் ஒரு சுற்று, அதன்மேல் நாளிதழில் நாலு சுற்று, பிறகு மூடி இறுகிய டப்பா. இப்படிக் கட்டியும் ஏசி பஸ்ஸில் பரமக்குடி தாண்டுவதற்குள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ‘யாருடைய பை?’ என்று கேட்டாராம். அந்தப் பைக்குச் சொந்தக்காரரான என் நாத்தனார் வெளியே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பெரியத்தைக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. போன ஆடியில் மறுபடி வந்திருந்தார். அந்த மாதங்களில் இங்கே கச்சான் காற்று. மணலை வாரி முகத்தில் அடிக்கும், கொடியில் போட்ட துணி அடுத்த வீட்டு முருங்கையில் போய்த் தொங்கும். இரவு அவருக்குக் கதவையும் சுவிட்சையும் காட்டப் போனேன். “எனக்குத் தெரியாதா தாயி? போ, போய்ப் படு” என்று துரத்திவிட்டார்.

விடிய நான்கு மணி இருக்கும். பித்தளைத் தாழ்ப்பாள் கிளிக்கென்று விலகும் சத்தம். அடுக்களையில் விளக்கு. டப்பாக்களைத் திறந்து திறந்து மூடுகிறார். சர்க்கரையைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எழுந்து போகலாமா என்று யோசித்து, போகாமல் படுத்தே இருந்தேன். சற்று நேரத்தில் இரண்டு தம்ளரோடு வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, “எழுந்திரு தாயி, சூடாக இருக்கும்போதே குடி” என்றார்.

ஒரு வாய் குடித்தேன். கரித்தது. குழாயில் கட்டியிருந்த சிவப்புத் துணியை இரவுக் காற்று கொண்டுபோய்விட்டிருந்தது. பெரியத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்ளரில் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.